8 அடிப் பலாக் கட்டைகளை வைத்து, தூணும் விட்டமும் தாங்கும் வீடு கட்ட முடியுமா? (கீரமங்கலம் பக்கம், 5 சென்ட் மனை)

#1 கஜா_பலா
11 ஜனவரி 2025, இரவு 9:20

வணக்கம். இரண்டு வருடமாக ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். எழுதுவது இதுதான் முதல்முறை.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயலில் எங்கள் தோப்பில் ஒன்பது பலா வேரோடு சாய்ந்தது. தாத்தா வைத்த மரங்கள். தென்னை எத்தனை போனது என்று அப்பா கடைசிவரை எண்ணவே இல்லை. வியாபாரிகள் அப்போது விறகு விலைக்குக் கேட்டார்கள். அப்பா கோபப்பட்டு மொத்தத்தையும் மில்லில் அறுத்துப் போட்டுவிட்டார். அதில் 6க்கு 6 கட்டை 24, 3 அங்குல கனத்தில் 9 அங்குல அகலப் பலகை 48. எல்லாமே 8 அடி நீளம். ஆறு வருடமாகக் கொட்டகையில் கிடக்கிறது. இரண்டு தேக்கும் உண்டு, அது கதவு ஜன்னலுக்கு.

இப்போது நத்தம் மனையில் வீடு கட்ட வேண்டும். சுவர் தாங்கும் வீடு வேண்டாம், மரத்தூண் நிறுத்தி, மேலே விட்டம் போட்டு, ஓட்டுக் கூரை. செங்கல் சுவர் சும்மா இடையை அடைக்க மட்டும். நான் மனதில் வரைந்தது: இரண்டு மாடி, கீழே 16க்கு 16 ஹால், நடுவில் தூண் இல்லாமல். நானும் மச்சானும் வேலை செய்வோம். எங்கள் ஊர் ஆசாரிக்கு எழுபது வயது. "வர்றேன், ஆனா ஏணி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?

#2 கம்பி_ஜல்லி
11 ஜனவரி 2025, இரவு 10:05

தம்பி, நான் முப்பது வருடமாக காண்ட்ராக்ட் எடுப்பவன். மனசு விட்டுச் சொல்கிறேன், கட்டையை நல்ல விலைக்கு விற்றுவிட்டு பில்லர் போட்டு கான்கிரீட் தளம் ஒட்டுங்கள். ஆறு மாதத்தில் பால் காய்ச்சலாம். மர வீடு படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். கரையான், மழை, எலி, வௌவால் எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் சோறு போட வேண்டும்.

#3 வாச்சி_ஆசாரி
12 ஜனவரி 2025, காலை 6:40

அண்ணாச்சி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, மீதிப் பாதிக்கு அப்புறம் வருகிறேன்.

நான் தக்கலைப் பக்கம். எங்கள் தொழிலே பலாவும் அயனியும் (காட்டுப் பலா வகை) தான். தம்பி, வீட்டு வரைபடத்தை மடித்து வையுங்கள். முதலில் கட்டையைப் பாருங்கள். அடுக்கை முழுசாகப் பிரித்து ஒவ்வொன்றையும் வெயிலில் போடுங்கள். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் நல்லது. பொத்து பொத்து என்றால் உள்ளே ஆள் குடியிருக்கிறது என்று அர்த்தம். சந்தேகம் வந்த இடத்தில் பேனாக்கத்தியை அழுத்துங்கள். கால் அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்தத் துண்டு அடுப்புக்கு.

பலாவில் வைரம் மஞ்சளாக இருக்கும், நாள்பட நல்ல பழுப்பாகும். கரையான் அதைச் சீக்கிரம் தொடாது. ஓரத்தில் வெளுப்பாக இருக்கும் பகுதியில்தான் பூச்சி விழும். வெளுப்பு எவ்வளவு, வைரம் எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. ஏன் எல்லாமே 8 அடி?

#4 கஜா_பலா
19 ஜனவரி 2025, மாலை 5:15

பொங்கல் முடிந்து நாலு நாள் இதே வேலை. முதுகு போய்விட்டது.

8 அடிக்குக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மில்லில் இருந்து கொண்டுவரக் கிடைத்தது குட்டி யானை வண்டி. அதில் அதற்கு மேல் நீளம் ஏறாது, அவ்வளவுதான். புயல் முடிந்து ரோடெல்லாம் மரம் கிடந்த நேரம், பெரிய லாரி யாரும் அனுப்பவில்லை.

முடிவு: கட்டையில் 2 போச்சு, பலகையில் 8 போச்சு. எல்லாம் அடுக்கின் அடி வரிசை. அப்பா மண் தரையிலேயே அடுக்கிவிட்டார், முதல் வருடம் இடையில் குச்சியும் வைக்கவில்லை. ஒரு பலகையைத் தூக்கியபோது மேல்பக்கம் ராஜா மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்க மண் கோடு, கை வைத்ததும் அப்பளமாக நொறுங்கியது. மீதி எல்லாம் கணீர். ஓரத்தில் ஒரு அங்குலம் வெளுப்பு, அதில் ஊசித்துளையும் மாவும். அதை வாச்சியால் செதுக்கித் தள்ளினேன். உள்ளே மஞ்சள் அப்படியே இருக்கிறது, ஆறு வருடம் கழித்தும் லேசாகப் பழ வாசனை. அம்மா ஒரு சிராயை எடுத்து மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

ஈரம் பார்க்கும் மீட்டரை நண்பனிடம் வாங்கி வைத்துப் பார்த்தேன். 13, 14 காட்டுகிறது.

ஆக கையில் 22 கட்டை, 40 பலகை.

#5 செங்குத்து
19 ஜனவரி 2025, இரவு 11:30

நான் கட்டமைப்புப் பொறியாளர், கோவை. 13, 14 சதவீதம் நல்ல செய்தி. மரம் அகலவாட்டில் சுருங்க வேண்டியதைப் பெரும்பாலும் சுருங்கிவிட்டது. பச்சை மரத்தில் சட்டகம் போட்டால் வருகிற தலைவலியில் பாதி உங்களுக்கு இல்லை.

சரி, கெட்ட செய்தி. இரண்டு மாடியும் 16 அடி ஹாலும் மறந்துவிடுங்கள். உங்கள் கட்டை சொல்வதைக் கேட்டு வீட்டை வரைய வேண்டும். 8 அடி மரத்தில் 16 அடி தாண்ட முடியாது. நடுவில் ஒட்டுப் போட்டு இரும்புத் தகடு வைத்துத் தாண்டலாம்தான், அப்படிச் செய்தால் அந்தத் தகடுதான் வீட்டைத் தாங்கும், பலா அலங்காரம். 8 அடிக்கு ஒரு தூண் என்று கட்டம் போடுங்கள். குறுக்கே மூன்று கட்டம், நீளத்தில் நாலு கட்டம். தூண் வரிசைக்கு ஐந்து, நாலு வரிசை, மொத்தம் 20. உங்களிடம் 22 இருக்கிறது.

விட்டத்துக்கு அந்த 3க்கு 9 பலகை தங்கம். 6க்கு 6 கட்டையை விட்டமாகப் போடலாமா என்று யோசித்திருப்பீர்கள், வேண்டாம். வளையாமல் நிற்கும் திறன் உயரத்தின் மும்மடியை (உயரம் × உயரம் × உயரம்) பொறுத்தது. 6க்கு 6ம் 4க்கு 9ம் ஒரே அளவு மரம்தான், ஆனால் நிறுத்தி வைத்த 4க்கு 9 இரண்டே கால் மடங்கு விறைப்பு. அதேபோல உங்கள் 3க்கு 9ஐப் படுக்க வைத்தால் விறைப்பு ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். மச்சானிடம் இதை இரண்டு முறை சொல்லுங்கள். தளத்தில் யாராவது ஒருவர் படுக்க வைப்பார், நான் பார்த்திருக்கிறேன்.

நான் ஓட்டுக் கூரைப் பாரம் வைத்து ஒரு கணக்கு போட்டேன். 8 அடிக்கு 3க்கு 9 நடுவில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தொய்யும். தாராளம். இருந்தாலும் ஐ.எஸ். 883ஐ (மரக் கட்டமைப்புக்கான இந்தியத் தர விதி) வைத்து ஒரு பொறியாளரை நேரில் பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் நான் சொன்னதை நம்பி வீடு கட்ட வேண்டாம்.

#6 வாச்சி_ஆசாரி
20 ஜனவரி 2025, காலை 6:25

மேடம் கணக்கு சரி. ஆனால் 8 அடிக் கட்டையில் 8 அடிக் கட்டம் வராது. இரண்டு விட்டம் தூண் தலையில் சந்திக்கும்போது முட்டிக்கு முட்டி வைத்தால் ஆளுக்கு மூன்று அங்குலம்தான் உட்காரும். பாதி பாதி வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏற்ற அரை அடி வேண்டும். ஆகவே கட்டம் ஏழரை. வீடு 22½க்கு 30 அடி.

அடுத்தது போதிகை. இதைப் பலர் பூவேலைக்கு வைக்கும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் எல்லாரும் மொட்டும் பூவும் தொங்குவதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள், தூண் தலையில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. தூண் தலையில் இரண்டு கை விரித்த மாதிரி 3 அடித் துண்டு ஒன்று படுக்கும். விட்டத்தின் ஒட்டு அதன்மேல் விழும். தூண் 6 அங்குலம் கொடுத்த இடத்தில் போதிகை 36 அங்குலம் கொடுக்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றரை அடி விட்டத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. நீளமான மரம் கிடைக்காத ஊரில் பெரிய வீடு கட்டியவர்கள் கண்டுபிடித்த வித்தை இது. உங்கள் குட்டி யானைப் பிரச்சினைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

20 போதிகைக்கு 60 அடி மரம் வேண்டும், அதுவும் துண்டு துண்டாக. காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டு மரம் விற்கிற கடைகளில் நீள மரத்துக்குத்தான் அடிதடி. துண்டு மரம் மூலையில் கிடக்கும், பேரம் பேசலாம். ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிவிட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மில்காரர் பிளேடுக்கும் உங்களிடம்தான் காசு கேட்பார்.

#7 சேர்வராயன்_சாரல்
20 ஜனவரி 2025, பகல் 1:10

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் தூண்களை வைத்து ஒரு கொட்டகை கட்டினோம். என் தவறைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள்.

தூணை இரண்டடி குழி வெட்டி, சுற்றிலும் கான்கிரீட் ஊற்றி, அசையாமல் நிறுத்தினோம். பார்க்க உறுதியாக இருந்தது. நாலாவது மழைக்காலம் ஒரு தூணைக் கைவைத்து அழுத்தினேன், தரைமட்டத்தில் கழுத்து மாதிரி மெலிந்து போயிருந்தது. கான்கிரீட் ஒரு கிண்ணம் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. மரம் முழுசாக நனைந்தால்கூடத் தாங்கும். நனைந்தும் காய்ந்தும் கிடக்கிற அந்த ஒரு ஜாண்தான் போகும்.

எங்கள் ஆச்சி வீட்டுத் தூணெல்லாம் கல்லின்மேல் ஏன் நின்றது என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டாவது முறை கருங்கல் பாதம் வைத்தோம். ஒன்பது வருடமாக நிற்கிறது.

#8 கஜா_பலா
26 ஜனவரி 2025, இரவு 8:50

எல்லோருக்கும் நன்றி. ஆசாரி ஐயா, போதிகை பற்றி எழுதியதை எங்கள் ஊர் ஆசாரிக்குப் படித்துக் காட்டினேன். "இதை நான் அன்னைக்கே சொன்னேன், நீ கேக்கல" என்கிறார். அவர் சொல்லவில்லை, சரி விடுங்கள்.

வீட்டில் பிரச்சினை. ஏழரை அடிக்கு ஒரு தூண் என்றதும் மனைவி, "ஹாலில் தூணா? சோபாவைத் தூணில் கட்டிப் போடுவதா?" என்று கேட்கிறார். அம்மாவுக்கு ஊஞ்சல் வேண்டும், அது ஒன்றுதான் கோரிக்கை.

இன்னொன்று, கூரைக் கைமரத்துக்கு (முகட்டில் இருந்து சாய்வாக இறங்கும் சட்டம்) மரம் இல்லை. தோப்பு ஓரத்தில் ஆறு பனை நிற்கிறது. வெட்டிவிடலாமா?

#9 வலிகாமம்
27 ஜனவரி 2025, அதிகாலை 2:15

தம்பி, பனையில கை வைக்காதேங்கோ. நான் யாழ்ப்பாணம். எங்கட பழைய வீடுகள் எல்லாத்துக்கும் பனஞ்சிலாகைதான் (பனையில அறுத்த கைமரம்) கூரை. என்ர அப்பப்பா காலத்துச் சிலாகை இன்னும் உளி இறங்காத கறுப்பாய் இருக்கு. ஆனா அது வயது போன பனை. நாலு பேர் கட்டிப்பிடிச்சு வளர்த்த மரத்தை ஒரு கைமரத்துக்காக இப்ப வெட்டினா திரும்ப வர எங்கட ஆயுசு காணாது.

இஞ்சை 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு. பலா, ஈரப்பலா, பெண் பனை மூண்டையும் அனுமதி இல்லாமல் வெட்டேலாது. சாப்பாடு தாற மரம் எண்டபடியால். உங்கட பக்கமும் ஏதோ வந்ததெண்டு கேள்விப்பட்டன்.

பழைய வீடு உடைக்கிற இடத்தில சிலாகை எடுங்கோ. அடிப்பக்கத்துண்டோ எண்டு பாருங்கோ. பனையில வெளிவட்டம்தான் இரும்பு, நடு நார்ச்சோறு. வாங்கேக்க தலைப்பைப் பாருங்கோ: கறுப்பு நார்ப்புள்ளி நெருக்கமாய் இருந்தா வாங்கலாம், ஐதாய் இருந்தா விடுங்கோ.

#10 செங்குத்து
27 ஜனவரி 2025, காலை 10:00

ஆமாம். 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். அந்த வம்பு உங்களுக்கு வேண்டாம். தேக்கை மில்லுக்கு ஏற்றும்போதும் வனத்துறையில் கேட்டு பாஸ் வாங்கிவிட்டு ஏற்றுங்கள்.

ஹால் விஷயம். உங்கள் நடு வரிசை ஏழரை அடி அகலத்தில் 30 அடி நீளம். அதைப் பட்டாசாலை (நீளமான கூடம்) மாதிரி விட்டுவிடுங்கள். இரண்டு ஓரமும் அறைகள், தூண்கள் எல்லாம் சுவர்க்கோட்டில் போய்விடும். முன்னால் ஒரு பக்கம் மட்டும் சுவரை எடுத்துவிட்டால் 15 அடி அகல ஹால். இரண்டே தூண் வெளியே தெரியும். சோபாவைக் கட்டிப்போட வேண்டாம், சாய்ந்து உட்காரலாம். மனைவியிடம் வரைபடமாகக் காட்டுங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

ஊஞ்சல் கொக்கி தூணில் இருந்து ஒன்றரை அடிக்குள், போதிகை நிற்கும் இடத்துக்கு நேர் மேலே வரட்டும். விட்டத்தின் நடுவில் தொங்கவிட வேண்டாம். ஆடும் பாரம் வேறு, உட்கார்ந்த பாரம் வேறு. விட்டத்தைத் துளைக்காமல் சுற்றிவரும் பட்டையாகப் போட்டால் இன்னும் நல்லது.

இன்னொரு கணக்கு, இதை யாரும் முன்கூட்டிப் போடுவதில்லை. இருபது தூணுக்கும் சேர்த்து 40 கன அடி. கூரைக்கு? 30 டிகிரி சாய்வு, சுற்றிலும் இரண்டரை அடி இறவாணம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) வைத்தால் கூரைப் பரப்பு 1,100 சதுர அடிக்கு மேல். 2க்கு 4 கைமரம் 32 கன அடி, ரீப்பர் (கைமரத்தின்மேல் ஓடு உட்கார அடிக்கும் மெல்லிய சட்டம்) 15 கன அடி. வெளியே தெரியாத கூரைக் குச்சிகள் உங்கள் தூண்களைவிட அதிக மரம் கேட்கின்றன. காசை அங்கே ஒதுக்குங்கள்.

#11 கம்பி_ஜல்லி
27 ஜனவரி 2025, இரவு 9:45

எல்லாம் சரி. கஜாவில் விழுந்த மரத்தை வைத்துக் கஜா வந்த ஊரிலேயே வீடு கட்டுகிறார். கல்லின்மேல் தூணைச் சும்மா உட்கார வைத்தால் அடுத்த புயலில் வீடு குடை மாதிரி பறக்காதா? தீப்பிடித்தால்? பதில் சொல்லுங்கள், நான் மாறிக்கொள்கிறேன்.

#12 செங்குத்து
28 ஜனவரி 2025, காலை 7:20

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

ஓடு மொத்தம் சுமார் 1,550, ஒன்று இரண்டரைக் கிலோ என்றால் நாலு டன். அந்தப் பாரம் வீட்டைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கத் தோன்றும். புயல்காற்று கூரையை அழுத்துவதைவிட அதிகமாக உறிஞ்சித் தூக்கும், இறவாணத்தில் இன்னும் அதிகம். அதோடு முதலில் ஓடுகள்தான் பறக்கும், அவை போனபின் பாரம் ஏது? ஆகவே கூரையில் இருந்து அஸ்திவாரம்வரை ஒரே சங்கிலியாகக் கட்ட வேண்டும். அஸ்திவாரக் கான்கிரீட்டில் இருந்து கம்பி கிளம்பி, துளை போட்ட கல் பாதத்தின் வழியாக மேலே வந்து, தூணின் இரு பக்கமும் தகடாக ஏறி போல்ட் ஆக வேண்டும். தூணும் விட்டமும் பட்டையால் சேர வேண்டும், விட்டமும் கைமரமும் அப்படியே. ஒரு கண்ணி விட்டுப்போனாலும் சங்கிலி இல்லை. உங்கள் ஊரில் இருந்து கடல் எட்டும் தூரம்தான், போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்பதை அண்ணன் மறந்துவிட வேண்டாம்.

அடுத்து, வீடு சாய்ந்து மடங்காமல் இருக்க மூலைக்கு மூலை சாய்முட்டு. தூணுக்கும் விட்டத்துக்கும் இடையே 45 டிகிரியில், இரண்டரை அடிக்குக் குறையாமல், நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும். செங்கல் சுவர் பிடித்துக்கொள்ளும் என்று இதை விட்டுவிடுகிறார்கள். சுவரை நம்பாதீர்கள்.

தாழ்வாரக் கூரையைத் தனியாகப் போடுங்கள். பிய்த்துக்கொண்டு போனால் அது மட்டும் போகட்டும்.

தீ: கனமான மரம் வெளியே கரியாகிக்கொண்டே போகும், நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டரில் இருந்து முக்கால் மில்லிமீட்டர். அந்தக் கரியே உள்ளே இருக்கும் மரத்துக்குப் போர்வை. 6க்கு 6 தூண் அரைமணி நேரத்தில் விழுந்துவிடாது. ரீப்பர் மாதிரி மெல்லிய மரம்தான் பயம். மின்கம்பி எதுவும் மரத்தைத் தொட்டபடி ஓடக்கூடாது, எல்லாம் குழாய்க்குள்.

#13 வாச்சி_ஆசாரி
28 ஜனவரி 2025, இரவு 8:30

அண்ணாச்சி வாய் அடைத்துவிட்டது போல. நான் பாக்கி வைத்திருந்த பாதியைச் சொல்கிறேன்: மர வேலையில் அவசரப்படுகிறவனுக்கு கான்கிரீட்தான் நல்லது.

தம்பி, குத்துக்காலை, அதாவது விட்டத்தின்மேல் நிற்கும் குட்டைக் காலை, தூணுக்கு நேர் மேலே மட்டும் வையுங்கள். உள் இரண்டு வரிசையில் விட்டத்தின்மேல் பத்துக் குத்துக்கால், அதன்மேல் கைமரத்தைத் தாங்க நீளவாட்டில் வளை, நடுவில் உச்சியில் முகட்டுவளை. ஒன்றன்கீழ் ஒன்று நேராக இருந்தால் பாரம் விட்டத்தை வளைக்காமல் தூண் வழியாகக் கல்லுக்கு இறங்கிவிடும். உள்வரிசைக் கீழ்விட்டம் அப்போது வெறும் கட்டுத்தான். அங்கே பலகையை நடுவில் கிழித்துப் பாதியாகப் போடலாம், நாலு பலகை மிச்சம்.

சாய்முட்டு, குத்துக்கால் எல்லாம் துளை போட்டு, முனையை மெலித்துச் செதுக்கிய நாக்கை அதில் இறக்கி, குறுக்கே மர ஆணி அடிக்க வேண்டும். ஆணிக்குக் கருவேல வைரம், நன்றாகக் காய்ந்தது. இதில் ஒரு சூட்சுமம். தூணில் ஆணித்துளை போடுங்கள். நாக்கை உள்ளே விட்டு, துளை வழியாக ஆணியால் குத்தி அடையாளம் செய்யுங்கள். வெளியே எடுத்து, அடையாளத்தில் இருந்து ஒரு நூல் (எட்டில் ஒரு அங்குலம்) தோள் பக்கமாக, அதாவது நாக்கு தொடங்கும் படிப் பக்கமாகத் தள்ளி நாக்கில் துளை போடுங்கள். இப்போது இரண்டு துளையும் ஒரு நூல் விலகி நிற்கும். முனையை ஒடுக்கிய ஆணியைக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) அடிக்கும்போது அது லேசாக வளைந்துகொண்டே நாக்கை உள்ளே இழுக்கும். தோள் போய்த் தூணில் 'டப்' என்று உட்கார்கிற சத்தம் கேட்கும். பசை வேண்டாம், கிளாம்ப் வேண்டாம்.

ஒரு நூல் என்றால் ஒரு நூல். இரண்டு நூல் தள்ளினால் ஆணி ஒடியும், இல்லை நாக்கு பிளக்கும். வீணாய்ப் போன அந்த அடி வரிசைக் கட்டையில் நல்ல பகுதி இருக்குமே, அதில் பத்து மூட்டு பழகிவிட்டு அப்புறம் தாத்தா மரத்தைத் தொடுங்கள்.

#14 கஜா_பலா
2 மார்ச் 2025, பகல் 12:40

நிலவரம்.

பழகிய பத்தில் ஆறு மூட்டு விளங்கவில்லை. ஏழாவதில் அந்த 'டப்' கேட்டது. மச்சான் கைதட்டினான்.

வீட்டுக்கடனுக்குப் போன இடத்தில் மேனேஜர் வரைபடத்தைப் புரட்டிவிட்டு, "பில்லர் எங்கே?" என்றார். தூணைக் காட்டினேன். "இது மரம், பில்லர் எங்கே?" என்றார். மூன்று நடை நடந்து விட்டுவிட்டேன். கடன் இல்லாமல் கட்டுவதால் வீடு சின்னதாக இருப்பதே நல்லதாகப் போயிற்று. அனுமதி சுலபம். 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனைக்கு 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையிலேயே இணையத்தில் முடிந்தது.

காரைக்குடிப் பக்கம் போய் போதிகைக்கும் குத்துக்காலுக்கும் துண்டு மரம், கைமரத்துக்குப் பழைய பனை எடுத்தாயிற்று. காந்தம் வைத்ததில் ஒரே துண்டில் பதினோரு ஆணி. கல் பாதம் 9 அங்குல உயரம், நடுவில் துளை, மேல்பரப்பு வெளிப்பக்கம் லேசாகச் சாய்வு. தூண் ஏழரை அடி, போதிகை அரை அடி. விட்டத்தின் அடி எட்டே முக்கால் அடியில் வருகிறது, மின்விசிறிக்கும் பிரச்சினை இல்லை.

சுவர் எலிப்பொறிக் கட்டு, அதாவது செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பிரபலப்படுத்தியது, செங்கல் கால் பங்கு மிச்சம், உள்ளே காற்று நிற்பதால் வெக்கையும் குறைவு. கொத்தனாருக்குத்தான் பிடிக்கவில்லை, "ஓட்டை விட்டுக் கட்டினா ஊர் சிரிக்கும்" என்கிறார்.

#15 சேர்வராயன்_சாரல்
2 மார்ச் 2025, மாலை 4:05

செங்கல்லைத் தூணோடு ஒட்டிப் பூசிவிடாதீர்கள். மழைக்காலம் தூண் உப்பும், கோடையில் சுருங்கும், பூச்சு கோடாகப் பிளக்கும். தூணின் பக்கத்தில் ஒரு சட்டம் அடித்து, சுவர் அதன் இருபுறமும் கவ்வி நிற்கிற மாதிரி விட்டால் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. ஈரச் சாந்து படும் இடத்தில் மரத்துக்கு முன்பே இரண்டு கை எண்ணெய்.

முகட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே வலை அடியுங்கள். வௌவால் விஷயத்தில் கம்பி_ஜல்லி அண்ணன் சொன்னது உண்மை.

#16 கஜா_பலா
11 மே 2025, இரவு 10:30

சட்டகம் நின்றுவிட்டது!

ஊர்ப் பையன்கள் பதினாலு பேர், இரண்டு கயிறு, ஒரு சங்கிலி பிளாக். தரையிலேயே ஒவ்வொரு குறுக்கு வரிசையையும் கோத்துப் பார்த்து நம்பர் போட்டு வைத்திருந்தோம். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து மூன்றாவது வரிசை நிற்கும்போது வெயில் கொளுத்த ஆரம்பித்துவிட்டது. ஆசாரி ஏணி ஏறவில்லை. கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து தூக்குக்குண்டு நூலை மட்டுமே பார்த்துக்கொண்டு, "தெக்கால ஒரு நூல்... ஒரு நூல்னா ஒரு நூல்டா" என்று கத்திக்கொண்டிருந்தார். ஒருவன் விட்டத்தைப் படுக்க வைத்தான். மேடம், நீங்கள் சொன்ன ஆள் எங்கள் தளத்தில் மச்சான்.

அஸ்திவாரத்தில் ஒரு கம்பி முக்கால் அங்குலம் தள்ளி நின்றதால் வடகிழக்குக் கல்லைத் திரும்பத் துளைக்க வேண்டியதாயிற்று. மற்றபடி சேதம் இல்லை. மாலையில் அம்மா வந்து ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டே போய், "இது கிணத்தடி மரம், இது மாட்டுக்கொட்டகைப் பக்கத்து மரம்" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். முடிச்சைப் பார்த்தால் தெரியாதா என்கிறார்.

#17 கம்பி_ஜல்லி
11 மே 2025, இரவு 11:10

வாழ்த்துகள் தம்பி. படம் போடுங்கள். கொத்தனார் எலிப்பொறிக் கட்டு போடத் தயங்கினால் என் ஆள் ஒருவன் அந்தப் பக்கம்தான் இருக்கிறான், அனுப்புகிறேன். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

#18 கஜா_பலா
14 ஜூன் 2025, காலை 8:00

ஒரு சந்தேகம். மேற்குப் பக்கம் இரண்டு சாய்முட்டில் தோளுக்கும் தூணுக்கும் இடையே அரை நூல் இடைவெளி விழுந்திருக்கிறது. ஏடிஎம் அட்டை நுழைகிறது. கிழக்கே எதுவும் இல்லை. திங்கட்கிழமை ஓடு ஏற்ற ஆள் சொல்லிவிட்டேன். நிறுத்தவா?

#19 வாச்சி_ஆசாரி
14 ஜூன் 2025, காலை 8:20

இடைவெளி மேல்பக்கமா, கீழ்ப்பக்கமா? ஆணி அசைகிறதா?

#20 கஜா_பலா
14 ஜூன் 2025, காலை 8:45

மேல்பக்கம் மட்டும். ஆணி அசையவில்லை, ஆனால் இரண்டு பக்கமும் சின்னதாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்பு சமமாகச் செதுக்கியிருந்தோம்.

#21 வாச்சி_ஆசாரி
14 ஜூன் 2025, காலை 9:05

மேற்கு வெயில் விழுகிற பக்கம், தூண் அகலவாட்டில் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. அதனால்தான் ஆணித் தலை வெளியே தெரிகிறது. ஆணி நகரவில்லை, மரம்தான் பின்வாங்கியது. பயமில்லை. நீட்டியதைச் செதுக்காதீர்கள், மழையில் திரும்ப உப்பும். தேவைப்பட்டால் ஒரு தட்டு தட்ட அந்த நீளம் வேண்டும்.

ஓடு ஏற்றுவதை நிறுத்த வேண்டாம். ஆனால் ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் இரண்டு டன் ஏறினால் சட்டகம் அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். இரண்டு ஆள் குழுவாகப் பிரிந்து, கிழக்கே இரண்டு வரிசை, மேற்கே இரண்டு வரிசை, கீழிருந்து மேலே. இறவாண வரிசையையும் முகட்டு ஓடுகளையும் கம்பி போட்டுக் கட்டச் சொல்லுங்கள். ஓட்டின் அடியில் அதற்குத் துளை இருக்கும், பாதிப் பேர் பார்க்கவே மாட்டார்கள்.

#22 கஜா_பலா
14 ஜூன் 2025, காலை 9:30

சரி ஐயா, இரண்டு குழுவாகச் சொல்லிவிட்டேன். கம்பி வாங்க மச்சான் கிளம்பிவிட்டான். ஊஞ்சல் பட்டையையும் இன்றைக்கே போட்டுவிடு, ஓடு ஏறியபின் கைமறதியாகிவிடும் என்று அம்மா பின்னாடியே நிற்கிறார்.